ஆறு மாத விசாவுக்காகக் காணி உறுதியை ஈடு வைக்காதீர்கள்

போன மாதம் கிளிநொச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். வயது 26. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு ஸ்ட்ரோபெரிப் பண்ணையில் ஐந்து மாதம் வேலை செய்திருக்கிறார். நகக்கண்களில் செடிச்சாறு பட்டுக் கறுத்த கறை. பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றியிருந்த கடவுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டு, “அண்ணா, இந்த விசாவை எத்தனை வருடத்துக்கு நீட்டிக்கலாம்?” என்று கேட்டார்.

விசா முடிய 22 நாள் இருந்தது. ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்றேன். அவர் நம்பவில்லை. ஊரில் முகவர் சொன்னது வேறு. முதலில் ஆறு மாதம் பழம் பறிக்க வேண்டும், பிறகு இரண்டு வருட விசா, அதன் பிறகு நிரந்தர வதிவிடம். இதற்கு வாங்கிய தொகை 18 லட்சம் இலங்கை ரூபாய். காணி உறுதியை ஈடு வைத்துப் பாதி, அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்தும் கடன்பட்டும் மீதி.

இந்த ஆண்டில் இதே கேள்வியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன். குடிவரவுச் சட்டம் பார்க்கும் சட்டத்தரணியிடம் எல்லாரும் கடைசியில்தான் வருகிறார்கள், காசு போன பிறகு. காசு கொடுப்பதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் எத்தனை வீட்டுக் காணிகள் தப்பியிருக்கும்!

ஐந்து பேரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். “பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அங்கே ஆள் இல்லை. வந்தவரை விடமாட்டார்கள்.” பிரெக்ஸிட் என்றால் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அந்த வசனத்தின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி முழுப் பொய். முதல் பாதி உண்மை என்பதால்தான் இரண்டாம் பாதி விலைபோகிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரித்தானியப் பண்ணைகளுக்கு வெளியாட்கள் தேவைப்படுவது இன்று நேற்றைய கதை அல்ல. பருவகாலத் தொழிலாளர் திட்டம் ஒன்று 1945இலேயே தொடங்கிவிட்டது. 2004இல் போலந்து, லித்துவேனியா போன்ற நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு விசா என்ற பேச்சே இல்லாமல் ஆட்கள் வந்தார்கள். பிறகு பல்கேரியாவும் ருமேனியாவும் சேர்ந்தன. இனித் தனித் திட்டம் எதற்கு என்று 2013 முடிவில் பழைய திட்டத்தை மூடினார்கள். அப்படி வந்தவர்களிடம் ஒரு பெரிய பலம் இருந்தது. பண்ணைக்காரர் சரியில்லை என்றால் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பண்ணைக்கோ, ஒரு ஹோட்டலுக்கோ போய்விடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பு அதை முடித்து வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று 51.9 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். நாட்டிலேயே மிக அதிகமாக வெளியேறச் சொன்ன இடம் எது தெரியுமா? லிங்கன்ஷயரில் உள்ள பொஸ்டன். 75.6 சதவீதம். அந்த ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கோவா, பூக்கோவா வயல்கள். அவற்றில் குனிந்து வெட்டியவர்களில் பெரும்பகுதி கிழக்கு ஐரோப்பியர்கள். தங்கள் வயலில் யார் வேலை செய்கிறார்கள் என்பது பொஸ்டன் மக்களுக்கு மற்ற எவரையும் விட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படி வாக்களித்தார்கள். “ஆள் பஞ்சம், அதனால் வரவேற்பார்கள்” என்று கணக்குப் போடுபவர்கள் இந்த ஒரு ஊரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அதன் பிறகு நடந்த அரசியல் குழப்பத்தை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அப்போதைய பிரதமர் கமரன் பதவி விலகினார். அடுத்த பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த வெளியேறும் உடன்பாட்டை நாடாளுமன்றம் மூன்று முறை தோற்கடித்தது. ஜோன்சன் வந்தார், 2020 ஜனவரி 31இல் நாடு வெளியேறியது, அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவோடு ஐரோப்பியர்கள் விசா இல்லாமல் வந்து வேலை செய்வதும் நின்றது. 2016இல் இருந்து 2024க்குள் ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டோம். ஆறு பேரில் எவரும் குடிவரவைக் கூட்டுவேன் என்று சொல்லி வாக்குக் கேட்டதில்லை.

ஆனால் பழம் யாருடைய வாக்குக்காகவும் காத்திருப்பதில்லை. 2020 ஏப்ரலில் உலகமே முடங்கிக் கிடந்தபோது, ருமேனியாவின் யாஷ் நகரிலிருந்து ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குப் பண்ணை வேலையாட்களைத் தனி விமானத்தில் ஏற்றி வந்தார்கள். உள்ளூர் மக்களை வயலுக்கு அழைக்கும் பிரசாரம் ஒன்றையும் அரசு நடத்தியது. இளவரசராக இருந்த சார்ள்ஸே அழைப்பு விடுத்தார். அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள். 2022இல் பறிக்க ஆள் இல்லாமல் பழமும் காய்கறியும் வயலிலேயே அழுகின என்று விவசாயிகள் சங்கம் முறையிட்டது.

வாக்கெடுப்புக்கும் ஆள் பஞ்சத்துக்கும் நடுவில் பிறந்ததுதான் பருவகாலத் தொழிலாளர் விசா. 2019இல் சோதனையாக 2,500 பேர், 2020இல் 10,000, 2021இல் 30,000, 2023இல் 45,000. 2025இல் அதைத் தோட்டப் பயிர்களுக்கு 43,000 என்றும் கோழிப் பண்ணைத் துறைக்கு 2,000 என்றும் வைத்தார்கள். எண்ணிக்கை ஏறியதை மட்டும் முகவர்கள் முகநூலில் போடுகிறார்கள். விசாவின் நிபந்தனைகளை ஒருவரும் போடுவதில்லை. ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் தங்கக் கூடாது. இந்த விசாவின் ஒவ்வொரு விதியும் அந்த ஒரு நோக்கத்துக்காகவே எழுதப்பட்டது. தோட்டப் பயிர் வேலைக்கு அதிகபட்சம் ஆறு மாதம். மனைவி பிள்ளைகளை அழைக்க முடியாது. நாட்டுக்குள் இருந்தபடி வேறு வேலை விசாவுக்கு மாற முடியாது. எத்தனை பருவம் வந்து வேலை செய்தாலும் நிரந்தர வதிவிடத்துக்கு ஒரு நாளும் கணக்கில் சேராது. இதில் சட்டத்தரணி கண்டுபிடிக்கக்கூடிய ஓட்டை எதுவும் கிடையாது. இருந்திருந்தால் நான் சொல்லாமல் இருப்பேனா?

ஆள் பஞ்சம் உள்ள துறை என்பதற்காகக் கதவு திறந்தே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். முதியோர் பராமரிப்பில் இன்றும் ஆள் போதவில்லை. அப்படியிருந்தும் 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள்.

இனிக் காசுக் கணக்கு. தம்பியின் சம்பளச் சீட்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தோம். 2025 ஏப்ரலில் இருந்து 2026 மார்ச் வரை மணிக்கூலி குறைந்தது 12.21 பவுணாக இருந்தது. வாரம் 32 மணி நேரத்துக்கு உறுதி உண்டு. அப்படியென்றால் சுமார் 390 பவுண். நான்கு பேர் படுக்கும் கரவன் என்ற சக்கர வீட்டுக்கு நாளுக்கு 10.66 பவுண் வீதம் வாரத்துக்கு 75 பவுண் கழித்திருக்கிறார்கள். காப்புறுதிக் கழிவும் சாப்பாடும் போக, சிக்கனமாக இருந்தால் 250 பவுண் மிஞ்சும். முகவர் வாங்கிய 18 லட்சம் ஏறக்குறைய 4,400 பவுண். ஆகவே 17 வாரத்துக்கு மேல் அந்தப் பிள்ளை விடிய ஐந்து மணிக்கு எழுந்து முகவருக்காகப் பழம் பறித்திருக்கிறது. மீதி வாரங்களை விமானச் சீட்டும், 319 பவுண் விசாக் கட்டணமும், ஈட்டு வட்டியும் தின்றுவிட்டன.

அந்த 18 லட்சத்தில் ஒரு ரூபாயாவது சட்டப்படி வாங்கியதா என்றால், இல்லை. 2004 பெப்ரவரியில் மோர்க்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் அலையில் மூழ்கி இறந்தார்கள். அந்த ஆண்டே சட்டம் வந்தது. பண்ணைக்கு ஆள் அனுப்புபவர் எந்த நாட்டில் இருந்தாலும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலை எடுத்துக் கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. அப்படியும் 2022இல் கென்டுக்கு வந்த இந்தோனேசியர்கள் தரகர்களிடம் 5,000 பவுண் வரை கடன்பட்டிருந்த செய்தி வந்தது. கடன்பட்டவர் வாயைத் திறக்க மாட்டார் என்று தரகருக்குத் தெரியும்.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். இந்த விசாவுக்கு ஆள் எடுக்க அரசு அனுமதித்த நிறுவனங்கள் விரல் விட்டு எண்ணிவிடக்கூடியவை. பெயர்கள் பிரித்தானிய அரசின் இணையத்தளத்திலேயே இருக்கின்றன. உங்கள் முகவர் சொல்லும் பெயர் அங்கே இல்லையென்றால் பேச்சை அத்தோடு முடியுங்கள். பெயர் இருந்தாலும், அவர்கள் சார்பில் என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். வந்த இடத்தில் கூலி குறைந்தாலோ மேற்பார்வையாளர் ஏசினாலோ ஓடிப்போகாதீர்கள். வேறு பண்ணைக்கு மாற்றும்படி உங்களை அழைத்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

லண்டனில் இருக்கும் மாமாமாருக்கும் சித்தப்பாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “வந்து சேர், மற்றதைப் பிறகு பார்ப்போம்” என்று இனியாவது சொல்லாதீர்கள். பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. விசா முடிந்த பிள்ளையைக் கடையில் நிறுத்தினால் முதல் தடவையே கடைக்காரருக்கு 45,000 பவுண் வரை தண்டம். பிடித்துத் திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பிள்ளைக்குப் பத்து ஆண்டு வரை நுழைவுத் தடை. புகலிடம் கேட்கச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஊரில் உண்மையான ஆபத்து உள்ளவர் வந்த முதல் நாளே அதைச் சொல்ல வேண்டும், அவருக்காக நான் இரவு பகலாக வேலை செய்வேன். கடனை அடைப்பதற்காகக் கதை கட்டினால், உண்மையாகவே ஆபத்தில் இருப்பவரின் வழக்கும் அதோடு சேர்ந்து பழுதாகிறது.

விசா முடிய மூன்று நாள் இருக்கும்போது தம்பி ஹீத்ரோவில் விமானம் ஏறினார். விதியை மீறாமல் திரும்பியதால் அவர் மறுபடி விண்ணப்பிக்கலாம், அதுவும் தரகர் இல்லாமல் நேரடியாக. காசு கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு எதுவும் இல்லை. வட்ஸ்அப்பில் முகவர் அனுப்பிய குரல்பதிவுகள் மட்டும் இருந்தன. அவற்றை அழிக்க வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் எனக்கு அனுப்ப வைத்தேன். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குக் கொடுக்கும் முறைப்பாட்டோடு இணைப்பதற்காக ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பதிவு பத்து விநாடிதான். “பயப்படாதே தம்பி, அங்கே ஆள் இல்லை.”