திங்கட்கிழமைகளில் விடுபட்ட எழுத்துகள்

மொரிசியஸில் அரசு தொடக்கப் பள்ளி ஒன்றில் 18 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். எங்கள் பள்ளிகளில் மொழிப் பாடவேளை வந்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, தீவின் பேச்சுமொழியான கிரியோல் என்று தாங்கள் எடுத்துக்கொண்ட மொழிக்கேற்ப வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்து போவார்கள். என் அறைக்கு வருபவர்கள் சில வகுப்புகளில் ஏழெட்டுப் பேர்தான். முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு பிள்ளை வராதது கண்ணில் படாமல் போகலாம். ஏழு பேர் இருக்கும் அறையில் ஓரிடம் காலியானால் அன்றைய பாடமே மாறிவிடுகிறது. வகுப்பாசிரியர் மாறினாலும், முதல் வகுப்பில் பார்த்த பிள்ளையை ஆறாம் வகுப்பு முடியும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும் வாய்ப்பும் மொழி ஆசிரியருக்கு உண்டு. பிள்ளைகளின் வருகையைப் பற்றி எழுத எனக்குத் துணிவு தருபவை இந்த இரண்டும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். துறுதுறுப்பானவன், பாட்டு என்றால் முன்னால் வந்து நிற்பான், சொல்லிக் கொடுத்ததை மறக்கவும் மாட்டான். ஆனால் அவன் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் மனம் கலங்கும். 'ண' எழுதச் சொன்னால் கடைசிக் கோட்டிலிருந்து தொடங்கி, சுழிகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக ஒட்டவைத்துக்கொண்டு வருவான். எழுத்தை எழுதாமல், படம்போல வரைந்துகொண்டிருந்தான். கற்றல் குறைபாடோ என்று முதலில் ஐயப்பட்டேன். ஒரு நாள் மாலை அவனுடைய பயிற்சி ஏட்டையும் முந்தைய ஆண்டின் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. புதிய எழுத்தைத் திங்கட்கிழமை அறிமுகம் செய்வது என் வழக்கம். எங்கே தொடங்கி எப்படிச் சுழித்து எங்கே முடிக்க வேண்டும் என்பதை அன்றுதான் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் காட்டுவேன்; மற்ற நாள்களில் அதே எழுத்தை வைத்துச் சொல்லும் படமும் பாட்டுமாகப் போகும். அந்தப் பையன் பெரும்பாலான திங்கட்கிழமைகளில் பள்ளிக்கு வரவில்லை.

அவனுடைய அப்பாவுக்குக் கடற்கரை விடுதி ஒன்றில் வேலை. எங்கள் தீவில் விடுதிகளிலும் கடைகளிலும் வேலை செய்யும் எத்தனையோ குடும்பங்களைப் போலவே, அவர்களுக்கும் சனி ஞாயிறு விடுமுறை கிடையாது. அவருக்கு ஓய்வு திங்கட்கிழமை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் தகப்பன் முகத்தைப் பகலில் பார்க்க முடியும் என்பதால், அன்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மகேபூரில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போய்வந்தார்கள். இதில் பொறுப்பின்மை எங்கே இருக்கிறது? பிள்ளையோடு இருக்க வேண்டும் என்ற ஆசைதான் இருக்கிறது. அம்மாவை அழைத்து இரண்டு ஏடுகளையும் காட்டினேன். அவர் அழுதுவிட்டார். "ஒரு நாள்தானே மிஸ் என்று நினைத்தோம்" என்றார்.

அந்த 'ஒரு நாள்தானே' என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் பள்ளி. வாரம் ஒரு நாள் விட்டால் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. ஆறாண்டுத் தொடக்கக் கல்வியில் இதே போக்கு நீடித்தால் ஓராண்டுக்கும் மேலான படிப்பை அந்தப் பிள்ளை பார்த்ததே இல்லை என்று பொருள். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் என்றாலும் அது 10 விழுக்காடு. அமெரிக்காவில் பள்ளி நாள்களில் 10 விழுக்காட்டைத் தவறவிடும் பிள்ளையை நாள்பட வராமலிருக்கும் பிள்ளை என்றே கணக்கில் எடுக்கிறார்கள். அம்மை கண்டு தொடர்ந்து இரண்டு வாரம் படுத்திருந்த பிள்ளைக்காக வீடும் பள்ளியும் சேர்ந்து கவலைப்படுகின்றன, விட்ட பாடத்தைச் சொல்லித் தருகின்றன. ஒவ்வொரு நாளாகக் கசிந்து போவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

எங்கள் பிள்ளைகள் சுமக்கும் மொழிச்சுமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் கிரியோல் பேசி வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளை, முதல் வகுப்பில் கால் வைத்ததும் ஆங்கிலப் புத்தகத்தையும் பிரெஞ்சுப் புத்தகத்தையும் ஒருசேரத் திறக்கிறது. அதோடு தமிழ் நெடுங்கணக்கும் வருகிறது. 2017 முதல் ஆறாம் வகுப்பு இறுதியில் நடக்கும் தொடக்கக் கல்விச் சாதனைத் தேர்வில் தமிழ் விருப்பப் பாடம் என்பதால், தமிழ் மட்டும் போனால் பரவாயில்லை என்று எண்ணும் பெற்றோர் உண்டு. ஆனால் தமிழ் மட்டும் தனியாகப் போவதில்லை. பிள்ளை வராத நாளில் மூன்று மொழிகளிலும் ஒரே நேரத்தில் ஒரு படி விடுபடுகிறது. வீட்டில் அந்த மூன்றில் எதையும் எடுத்துச் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குத்தான் இழப்பு மிகுதி.

பள்ளியாண்டு தொடங்கும் ஜனவரியில்தான் நான் மிகுந்த கவனத்தோடு இருப்பேன். புயலும் பெருமழையும் வரும் பருவம் அது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பெலால் புயல் போர்ட் லூயிஸை வெள்ளக்காடாக்கியது. அடுத்த பத்தாம் நாள், ஜனவரி 25, தைப்பூசக் காவடி. காவடி அன்று நாடு முழுவதும் விடுமுறை. அதற்கு முந்தைய பத்து நாளும் விரதம், மாலையில் கோயில், இரவில் பசனை என்று வீடே முருகனுக்காக விழித்திருக்கும். இந்தப் பக்தியைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. நானும் அதே கோயிலில் நிற்பவள்தான். நான் கேட்பது ஒன்றே: முதல் வகுப்புப் பிள்ளைக்கு அது பள்ளி என்ற இடமே புதிதான காலம். காவடிக்கு மறுநாள் களைப்பாக இருக்கிறது என்று வீட்டில் வைத்துக்கொண்டால், அதற்கடுத்த நாள் வாசலில் அது மீண்டும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழும். மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு வந்தாலும் அனுப்பிவையுங்கள். மேசைமேல் தலைசாய்த்துத் தூங்கினால் அரை மணி நேரம் தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஆனால் இந்தச் சலுகை எல்லா நாளுக்கும் ஆகாது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். கைப்பேசியோடு பதினொரு மணிக்குப் படுக்கும் பிள்ளைக்கு அது கிடைக்க வழியில்லை.

வராததற்கு வீட்டில் சொல்லும் காரணம் பல வேளைகளில் உண்மையான காரணமாக இருப்பதில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் கியூர்பிப், வாக்வா போன்ற மேட்டு நிலங்களில் விடாத தூறலும் குளிரும். அப்படிப்பட்ட ஓர் ஊரில் நான் வேலை பார்த்த காலத்தில், ஒரு சிறுமி குளிர்காலத்தில் மட்டும் வயிற்றுவலி என்று அடிக்கடி நின்றுவிடுவாள். பிறகுதான் தெரிந்தது, அவளிடம் இருந்தது ஒரே சீருடை. துவைத்தால் காலைக்குள் காயாது. ஈரத்தோடு வரவோ வேறு உடையில் வந்து எல்லார் கண்ணிலும் படவோ அவளுக்குக் கூச்சம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஓர் அம்மா, தன் மகளுக்குச் சிறிதாகிப்போன இரண்டு பாவாடைகளையும் ஒரு கம்பளிச் சட்டையையும் துவைத்து மடித்துப் பையில் போட்டு, யாருக்கு என்று கேட்காமலே என்னிடம் கொடுத்தார். அந்தப் பருவத்தில் வயிற்றுவலி திரும்ப வரவில்லை. கரும்பலகை மங்கலாகத் தெரிந்ததால் பள்ளியை வெறுத்த பையனும் உண்டு, தலையில் பேன் என்று யாரோ சொல்லிவிட்டதால் நாலு நாள் நின்ற பிள்ளையும் உண்டு.

பள்ளியின் பக்கத்துத் தவற்றையும் மறைக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொடர்ந்து வராத ஒரு பிள்ளையின் குறிப்பேட்டில் பிரெஞ்சில், சிவப்பு மையில், கடுமையாக இரண்டு வரி எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அந்தப் பிள்ளையை வளர்த்தது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி என்பதை நான் விசாரித்திருக்கவில்லை. அந்தச் சிவப்பு வரிகளைப் பார்த்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று பயந்து, அவர் இன்னும் மூன்று நாள் அவனை அனுப்பாமல் வைத்திருந்தார். அன்றிலிருந்து குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டுத் தொலைபேசியில், கிரியோலில் பேசுகிறேன். முதல் வாக்கியம் முக்கியம். "ஏன் அனுப்பவில்லை?" என்று தொடங்கினால் எதிர்முனையில் ஒரு சாக்கு வரும், "இன்றைக்குப் பிள்ளையைக் காணோமே, சுகமாக இருக்கிறானா?" என்று தொடங்கினால் உண்மை வரும்.

இந்த நாட்டில் சட்டமும் உதவியும் இல்லாமலில்லை. 2005 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். அதே ஆண்டிலிருந்து மாணவருக்குப் பேருந்துக் கட்டணமும் இல்லை. தேர்ச்சி குறைந்த வட்டாரங்களிலுள்ள முன்னுரிமைக் கல்வி மண்டலப் பள்ளிகளில் மதியம் சூடான உணவு கிடைக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கான பிள்ளை உதவித்தொகையும் வருகையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்களுக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் ஆசிரியர் வேலைதான் என்று நான் கருதுகிறேன்.

ஒரு நாள் விட்ட பிள்ளை மறுநாளும் நிற்பதற்குப் பெரிய காரணம், திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும் என்ற பயம். ஆகவே திரும்பி வரும் நாளில் இடைவேளையில் பத்து நிமிடம் அந்தப் பிள்ளைக்கென்றே ஒதுக்கி, முந்தைய நாள் எழுத்தை மட்டும் சொல்லித் தருகிறேன். ஏடு பகிர்வது, பலகை துடைப்பது போன்ற ஏதாவது ஒரு வேலையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. தான் போகாவிட்டால் அது நடக்காது என்று ஆறு வயதுப் பிள்ளை முழுமனதோடு நம்புகிறது.

விடுதியில் வேலை செய்த அந்த அப்பா தம் ஓய்வு நாளை மாற்றிக்கொள்ள முடியவில்லை. திங்கட்கிழமைதோறும் பள்ளி விடும் நேரத்துக்குக் குடும்பமாக வாசலில் வந்து நின்று, பையனை அங்கிருந்தே மகேபூருக்குப் பேருந்தில் கூட்டிப் போனார்கள். பாட்டிக்கு அன்றைய எழுத்தைக் காட்ட வேண்டும் என்று மடியில் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டுதான் போவான் என்று அவனுடைய அம்மா சொன்னார்.