ரெண்டு பேட்டரி இருந்தும் போட்ல செல்ஃப் எடுக்கலையா?

போன வாரம் மறுபடியும் அதே ஃபோன். "சார், ரெண்டு பேட்டரியும் புதுசு, ஆறு மாசம் கூட ஆகல, எப்படி ரெண்டுமே ஒண்ணா இறங்கும்?" இந்த சீசன்ல எனக்கு இது நாலாவது. போய்ப் பாத்தா நான் நினைச்சதேதான். ரெண்டு பேட்டரியோட பாசிடிவையும் ஒரு கேபிளால சேத்து கட்டி, அங்கேருந்தே இன்ஜினுக்கும் போகுது, ஃப்ரிட்ஜ், லைட், ஸ்பீக்கர், மீன் காட்டுற சோனார்னு மத்த எல்லாத்துக்கும் போகுது. ராத்திரி நங்கூரம் போட்டு தூங்கியிருக்காங்க, விடியக்காலைல காத்து திரும்பி போட்டை பாறைப் பக்கம் தள்ள ஆரம்பிச்சிருக்கு, சாவியத் திருப்பினா டிக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்துல வேற போட் இருந்ததால கயிறு கட்டி இழுத்துட்டு வந்துட்டாங்க. உள்ள ரெண்டு சின்னப் பசங்க இருந்திருக்காங்க. அதைக் கேட்டதுலேருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பேட்டரி வெச்சா அது டூயல் பேட்டரி சிஸ்டம் ஆகாது. பேரலல்ல சேத்துட்டா அது ஒரே ஒரு பெரிய பேட்டரி. ரெண்டு தண்ணித் தொட்டிய அடியில குழாய் போட்டு இணைச்சா என்ன ஆகும், ஒண்ணுல திறந்தாலும் ரெண்டுலயும் ஒரே மட்டத்துலதான தண்ணி இறங்கும்? அதே கதைதான். 100 ஆம்பியர் அவர் (பேட்டரில எவ்வளவு கரண்ட் அடங்கும்ங்கற அளவு) ரெண்டு சேந்தா 200, காலியாக கொஞ்சம் லேட் ஆகும், ஆனா காலியாகும்போது ரெண்டும் சேந்தே காலி. அதுலயும் ஒரு பேட்டரில ஒரு செல் ஷார்ட் ஆயிடுச்சுன்னா நல்லா இருக்கற பேட்டரியையும் அது கூடவே இழுத்து இறக்கிடும். "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குல்ல"ன்னு சொல்றவங்க கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான், அந்த இன்னொண்ணைத் தனியா வெச்சிருக்கீங்களா?

கணக்கு போட்டுப் பாருங்க. இன்ஜின் ஸ்டார்ட் பண்ண 300 ஆம்ப் ரெண்டு செகண்ட் இழுத்தாலும் மொத்தமா 0.2 ஆம்பியர் அவர் கூட செலவாகாது. ஃப்ரிட்ஜும் லைட்டும் சேந்து சராசரியா 5 ஆம்ப் இழுத்தா பத்து மணி நேரத்துல 50 போயிடும். இன்ஜினுக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம், ஆனா அது கேக்கற நேரத்துல மொத்தமா கிடைச்சாகணும். அந்தக் கொஞ்சத்தை மத்த எதுவும் தொடாம காப்பாத்தறதுக்குத்தான் இந்த ஏற்பாடே.

"என்கிட்ட 1, 2, போத்னு திருப்பற ஸ்விட்ச் இருக்கே"ம்பாங்க. இருக்கு, ஆனா வருஷம் பூரா போத்லயே நிக்குது! போத் எதுக்குன்னா, இன்ஜினுக்குன்னு வெச்ச ஸ்டார்ட் பேட்டரி ஏமாத்திடுச்சுன்னா ரெண்டையும் சேத்து இன்ஜினை எழுப்பறதுக்கு. எழுப்பியாச்சா, ரெண்டும் சார்ஜ் ஏறட்டும், இன்ஜினை நிறுத்தினதும் பிரிச்சுடுங்க. இன்னொண்ணு, இன்ஜின் ஓடும்போது அந்த ஸ்விட்சை ஆஃப் பக்கம் தொடவே தொடாதீங்க, ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்றது) டயோடு போயிடும். அப்படி போன ஆல்டர்னேட்டர் எத்தனை மாத்தியிருக்கேன்னு கணக்கே இல்ல.

நான் கட்டிக் குடுக்கறது இப்படித்தான். ஸ்டார்ட் பேட்டரி இன்ஜினுக்கு மட்டும். மத்ததெல்லாம் டீப் சைக்கிள் பேட்டரில (மெதுவா ரொம்ப நேரம் கரண்ட் குடுக்கற வகை, இதைத்தான் வீட்டு பேட்டரின்னு சொல்றேன்). நடுவுல வோல்டேஜ் பாத்து தானா சேத்து பிரிக்கற ரிலே ஒண்ணு. இன்ஜின் ஓடி வோல்டேஜ் சுமார் 13.3 தாண்டினா சேத்து ரெண்டையும் சார்ஜ் பண்ணும், 12.8 பக்கம் இறங்கினா பிரிச்சுடும் (கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் கொஞ்சம் மாறும்). நீங்க எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம், மனுஷன் மறந்துடுவான்ங்கறதுதான் என் அனுபவம். ரெண்டு பேட்டரியோட நெகடிவும் கண்டிப்பா ஒண்ணா சேந்திருக்கணும், பிரிக்கறது பாசிடிவை மட்டும்தான், இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு நெகடிவையும் தனித்தனியா விட்டவங்க இருக்காங்க. வீட்டு பேட்டரிய லித்தியத்துக்கு மாத்தறீங்கன்னா இந்த ரிலே போதும்னு நினைக்காதீங்க, அது இழுக்கற இழுப்புல ஆல்டர்னேட்டர் சூடாகி வெந்துடும், நடுவுல இழுப்பை அளவோட வெச்சு சார்ஜ் பண்ற டிசி டு டிசி சார்ஜர் போடுங்க.

ஃப்யூஸ். இதுல எனக்குப் பொறுமையே இல்ல. ரிலேக்குப் போற கேபிளுக்கு ரெண்டு முனைலயும் பேட்டரி இருக்கு, அதனால ரெண்டு முனைலயும் ஃப்யூஸ் வேணும், ஒண்ணு பத்தாது. போட் பாதுகாப்புக்கு விதி எழுதற அமெரிக்க அமைப்பான ஏபிஒய்சியோட விதி பேட்டரிலேருந்து 7 இன்ச்சுக்குள்ளன்னு சொல்லுது, அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. செல்ஃப் மோட்டார் கேபிளுக்கு விலக்கு உண்டு. ஃப்யூஸ் ஃப்ரிட்ஜைக் காப்பாத்த இல்ல, கேபிள் தீப்பிடிக்காம இருக்க.

பில்ஜ் பம்ப்பை (போட் அடியில சேர்ற தண்ணிய வெளிய தள்ற பம்ப்) மெயின் ஸ்விட்சுக்கு அப்புறம் கட்டாதீங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு பொறுப்பா வீட்டுக்குப் போறீங்க, மழை பெய்யுது, பம்ப் ஓடல, போட் கட்டின இடத்துலயே உக்காந்துடும். தனி ஃப்யூஸ் போட்டு வீட்டு பேட்டரிலேருந்து நேரா குடுங்க.

பெட்ரோல் இன்ஜின்காரங்க தயவுசெஞ்சு கேளுங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், அடியில தேங்கி நிக்கும். காருக்கு வாங்கற ரிலே, ஸ்விட்ச் எல்லாம் அங்க போடவே கூடாது, உள்ள பொறி வெளிய வராத இக்னிஷன் ப்ரொடெக்டட்னு எழுதினது மட்டும்தான். வேலை ஆரம்பிக்கும் முன்னாடி மூடியெல்லாம் திறந்து காத்தாட விடுங்க, கை மோதிரத்தைக் கழட்டுங்க, முதல்ல நெகடிவைக் கழட்டுங்க, மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டுங்க. பேட்டரிய பெல்ட் போட்டு இறுக்குங்க, அலைல ஒரு இன்ச்சுக்கு மேல அசையக் கூடாது. கேபிள் வெள்ளீயம் பூசின செம்பா இருக்கட்டும், சாதா செம்பு உப்புக் காத்துல உள்ளேயே கருத்துப் போயிடும்.

அடுத்த தடவை கடலுக்குப் போறதுக்கு முன்னாடி, போட் கரைல கட்டியிருக்கும்போதே ஒரு ராத்திரி கரை சார்ஜரைப் பிடுங்கிட்டு ஃப்ரிட்ஜும் லைட்டும் ஓட விடுங்க. காலைல ரெண்டு பேட்டரிலயும் மீட்டர் வெச்சுப் பாருங்க. லெட் ஆசிட்னா வீட்டு பேட்டரி 12.2 பக்கம் இறங்கியிருந்தா பாதி காலின்னு அர்த்தம், அது பரவால்ல, ஸ்டார்ட் பேட்டரி 12.6 பக்கம் நிக்கணும். ரெண்டும் ஒரே நம்பர் காட்டுச்சுன்னா போட்டை அவுக்காதீங்க. பாசிடிவ் கேபிளை விரலால தடவிக்கிட்டே போய் ரெண்டும் எங்க சேருதுன்னு பாருங்க, புரியலன்னா தெரிஞ்ச எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.