மால்போர்க் கோட்டைக்குள்ள ஹீட்டர் ஓடின கதை

"ஐரோப்பாவுல அவ்ளோ பெரிய கோட்டைக்குள்ள பனிக்காலத்துல எப்படிங்க இருந்தாங்க, ஏதோ ரகசிய சக்தின்னு வாட்ஸ்அப்ல வீடியோ வருதே"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். சக்தியும் இல்ல ரகசியமும் இல்லங்க, விறகும் கல்லும்தான்.

போலந்துல நோகட் ஆத்தங்கரையில இருக்கற மால்போர்க்கை எடுத்துக்குவோம். டியூட்டானிக் ஆர்டர்ங்கற போர்த்துறவிகள் 13ஆம் நூற்றாண்டுல செங்கல்லுல கட்ட ஆரம்பிச்சது, 1309ல அவங்க தலைவர் வெனிஸை விட்டு இங்கயே குடிவந்துட்டார், அப்புறம் சம்பளப் பாக்கிக்கு கோட்டையை அடகா வாங்கின கூலிப்படைக்காரங்க அதை போலந்து ராஜாவுக்கே வித்துட்டாங்க, 1457ல அவர் கைக்கு வந்துடுச்சு.

இப்ப அந்த ஹீட்டர். ஹாலுக்குக் கீழ நிலவறையில ஒரு பெரிய அடுப்பு. அடுப்போட கூரை வளைவுல இடைவெளி விட்டிருப்பாங்க, அதுக்கு மேல உருண்டைக் கல்லுங்களை சும்மா குவிச்சு வெச்சிருப்பாங்க, சாந்து கிடையாது. விறகை மணிக்கணக்கா எரிப்பாங்க, புகை கல்லு இடுக்கு வழியா ஏறி புகைபோக்கியில போயிடும், போற வழியில சூட்டைக் கல்லுக்குக் குடுத்துட்டுப் போகும். நெருப்பு அடங்கினதும்தான் வேடிக்கையே. புகைபோக்கியை அடைச்சுட்டு, மேல ஹால் தரையில இருக்கற ஓட்டை மூடிகளைத் திறப்பாங்க. கீழ நுழையற குளிர்காத்து அதே கல்லுங்களுக்கு நடுவுல புகுந்து சூடாகி, லேசாகி, தானா மேல வரும். ஃபேன் இல்ல, புகையும் இல்ல!

அடுப்பை அணைச்சப்புறமும் தோசைக்கல்லு சுடுதுல்ல, அதேதான். ஒரு கன மீட்டர் கிரானைட் ஒரு டிகிரி ஏறினா வாங்கி வெச்சுக்கற வெப்பம், அதே அளவு காத்து வாங்கறதை விட ஏறக்குறைய 1,800 மடங்கு. குவியலா போட்டதால காத்து உரசற பரப்பும் ஜாஸ்தி. இதை யோசிச்ச கொத்தனாரை விட்டுட்டு சக்தியைக் கும்பிடறது எனக்குக் கடுப்பா இருக்கும்.

1772க்கு அப்புறம் பிரஷ்யாங்கற ஜெர்மன் ராஜ்ஜியத்துக்காரங்க கோட்டையை ராணுவக் குடியிருப்பாக்கி நாசம் பண்ணாங்க, 1882ல இருந்து ஸ்டைன்பிரெக்ட்ங்கற கட்டடக்கலைஞர் நாப்பது வருஷம் உக்காந்து சரிபண்ணார், 1945 சண்டையில பாதிக்கோட்டை இடிஞ்சுது. திரும்பக் கட்டி, 1997ல யுனெஸ்கோ பட்டியல். 1945ல நொறுங்கின பெரிய மேரி மாதா சிலையைக் கூட 2016ல மொசைக்கோட நிறுத்திட்டாங்க, அழகுதான், ஆனா காசு ஒதுக்கற அதிகாரம் என்கிட்ட இருந்தா ஒரு அடுப்பை அப்படியே புதுசா கட்டி, கல்லுக்கு நடுவுல சூட்டை அளக்கற தெர்மோகப்பிள் கம்பியைச் சொருகி, ஜனவரியில மூட்டிப் பாக்கச் சொல்லிருப்பேன்.