‘அவசரம் லேது’: பழகிய நிரல்மொழி புதிய மொழியில் குறுக்கிடும் விதம்

தென்மாவட்டத்திலிருந்து காட்பாடிக் கடைத்தெருவுக்கு வேலைக்கு வந்த பையன் ஒருவன், பொருள் வாங்கியவரிடம் “பை வேணுமா அண்ணே?” என்று கேட்கிறான். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அவர் “அவசரம் லேது” என்கிறார். அவருக்கு அவசரமில்லை என்று எண்ணிக்கொண்ட பையன், நிதானமாக ஒரு பையைத் தேடி எடுத்துப் பொருளை அதில் போடத் தொடங்குகிறான். தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை; அவர் சொன்னது ‘வேண்டாம்’ என்பதே. சித்தூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த ஊர் என்பதால் இந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு மொழியையும் கேட்டே வளர்கிறார்கள். வெளியூர்ப் பையன்தான் மாட்டிக்கொள்கிறான். அறியாத சொல்லாக இருந்திருந்தால் ‘என்ன அண்ணே?’ என்று திருப்பிக் கேட்டிருப்பான். தெரிந்த சொல்லாகக் காதில் விழுந்ததால்தான் கேட்கவில்லை.

ஜாவா என்ற நிரல்மொழியில் பல ஆண்டுகள் நிரல், அதாவது கணினிக்கான கட்டளைகள், எழுதிய ஒருவர் பைத்தான், ரஸ்ட் போன்ற வேறொரு நிரல்மொழிக்கு மாறும்போது நேர்வதும் ஏறத்தாழ இதுதான். முற்றிலும் புதிய கூறுகள் அவரை அவ்வளவாகத் தடுக்கிவிடுவதில்லை, ஏனெனில் புதியது என்று தெரிந்தவுடன் அவர் கையேட்டைத் திறந்துவிடுகிறார். பழைய மொழியில் பார்த்த அதே உருவில் வந்து வேறு வேலை செய்யும் வரிகளே அவரது நாள்களைத் தின்கின்றன. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 18 நிரல்மொழிகளைப் பற்றி நிரலாளர்கள் எழுப்பிய 450 கேள்விகளைப் படித்து, வேறொரு மொழியிலிருந்து கொண்டுவந்த தவறான ஊகம் குறுக்கிட்ட 276 இடங்களை அடையாளம் கண்டது.

அனுபவம் ஏன் இப்படி இடறலாகிறது என்பதற்கு விடை நினைவாற்றல் இயங்கும் முறையில் இருக்கிறது. 1973இல் சேஸ், சைமன் ஆகிய இரு உளவியல் ஆய்வாளர்களும், தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர்கள் பலகையைக் காய் காயாக அல்லாமல் பழகிய அமைப்புகளின் கொத்துகளாகப் பார்க்கிறார்கள் என்று காட்டினர். 1981இல் இதே சோதனை அல்கால் மொழி நிரல்களைக் கொண்டு செய்யப்பட்டபோது, ஒழுங்கான நிரலைத் தேர்ந்தவர்கள் புதியவர்களைவிட மிக நன்றாக நினைவுகூர்ந்தனர். வரிகளைக் கலைத்துப்போட்டதும் அந்த மேன்மை மறைந்துவிட்டது. ஆகவே அனுபவம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கொத்துகளே. ஒரு வரியைக் கண்ணால் தொட்டதும் அதன் பொருள் முழுதாக எழுந்துவிடுகிறது. புதிய மொழியில் அந்த வரிக்கு வேறு பொருள் இருந்தாலும் எழுவது பழைய பொருள்தான்.

ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொள்வோம். வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச்சந்தை கூடுகிறது. சந்தை நாளுக்குப் பத்து நாள் முன்பு என்ன கிழமை? ஞாயிறு 0, திங்கள் 1, செவ்வாய் 2 என்று எண்ணிட்டால் 2 - 10 = -8; அதை ஏழால் வகுத்த மீதியே விடை. நிரலில் % என்பது வகுத்த மீதியைக் கேட்கும் குறி. பைத்தானில் -8 % 7 என்று எழுதினால் 6 வருகிறது, அதாவது சனிக்கிழமை, விடை சரி. ஜாவாவில் அதே வரி -1 தருகிறது. எந்த மொழியும் கணக்கில் தவறவில்லை. -8ஐ ஏழால் வகுத்தால் ஈவு -1.14 என்று வரும். ஜாவா அதைச் சுழியத்தை நோக்கி வெட்டி -1 என்று கொள்வதால் மீதி -1 ஆகிறது. பைத்தான் ஈவைக் கீழே இறக்கி -2 என்று கொள்வதால் மீதி 6 ஆகிறது. பைத்தானிலிருந்து ஜாவாவுக்கு வந்தவர் இந்த -1ஐக் கொண்டு கிழமைப் பட்டியலைத் தொட்டால், நிரல் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும்.

எதிர்த்திசையில் போகிறவர் அப்படித் தப்ப முடியாது. ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்தைத் தேடிக் கிடைக்காவிட்டால் இரண்டு மொழிகளிலும் -1 என்ற விடையைத் தரும் வழி உண்டு. அந்த -1ஐச் சரிபார்க்காமல் இட எண்ணாகப் பயன்படுத்தினால் ஜாவா கூச்சல் போடும். பைத்தானிலோ -1 என்பது கடைசி இடத்தைக் குறிக்கும் முறையான எண் என்பதால், அது கடைசி எழுத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் மேலே போய்விடும். ஜாவாவின் கூச்சலை நம்பிப் பழகிய எனக்கு இப்படிப்பட்ட ஒரு பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று.

இதைவிட ஆழமான வேறுபாடு ‘ஆ = அ’ என்ற மிக எளிய வரியில் ஒளிந்திருக்கிறது. (ஜாவாவிலும் பைத்தானிலும் தமிழ் எழுத்தையே பெயராக வைக்கலாம், வைப்பவர்தாம் குறைவு.) ‘அ’விடம் இருப்பதை ‘ஆ’வுக்குக் கொடு என்பதே இந்த வரி. ‘அ’ என்பது ஒரு பட்டியல் என்று கொள்வோம். சி++ மொழியில் வெக்டர் எனப்படும் பட்டியல் என்றால், இந்த வரி பத்திரத்தை ஜெராக்ஸ் எடுப்பதைப் போன்றது. நகலில் கிறுக்கினால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஜாவாவிலும் பைத்தானிலும் இது ஒரே வீட்டுக்கு இரண்டாவது பெயர்ப்பலகை மாட்டுவது. ‘ஆ’ வழியாக உள்ளே போய்ச் சுவரை இடித்தால் ‘அ’வின் சுவரும் இடிந்திருக்கும். ரஸ்டில் இதே வரி கிரயப் பத்திரம்: உரிமை ‘ஆ’வுக்குக் கைமாறிவிடுகிறது, அதன்பின் ‘அ’வைத் தொட்டால், நிரல் ஓடுவதற்கு முன்பே, அதைக் கணினிக்கேற்ப மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுத்துவிடும். ரஸ்ட் கடினமான மொழி என்று பெயரெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம், ஆனால் வெளிப்படையாக மறுக்கும் மொழியிடம் கற்பதே எளிது என்பது என் எண்ணம்.

வரியை எழுதும் வடிவமாகிய தொடரியல், அந்த வரி செய்யும் வேலையாகிய பொருள் என்ற இரண்டு அடுக்குகளுக்கும் மேலே மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒரு வேலையை எந்த வழியில் செய்வது என்று திட்டமிடும் அடுக்கு அது. 1990இல் ஷோல்ட்ஸ், வீடன்பெக் ஆகியோர் நடத்திய ஆய்வில், புதிய மொழிக்கு வந்த அனுபவசாலிகள் மிகவும் தடுமாறியது இந்த அடுக்கில்தான். ஒரு கோப்பைப் படித்து வரிகளை எண்ணும் வேலைக்குக்கூட தரவையும் அதற்கான செயல்களையும் ஒன்றாகக் கட்டும் ‘வகுப்பு’கள் இரண்டை உருவாக்கி, ஒவ்வொரு மதிப்புக்கும் எடுக்க ஒன்று, வைக்க ஒன்று எனச் செயற்கூறுகளை அடுக்கிய பைத்தான் நிரலைப் பார்த்தால், எழுதியவர் ஜாவாவிலிருந்து வந்தவர் என்று சொல்லிவிடலாம். நிரல் ஓடத்தான் செய்யும். சித்தூரில் காட்பாடிக்காரர் பேசும் தெலுங்கைப் போல.

ஆனால் இந்தத் தெலுங்கு உவமையை நெடுந்தூரம் இழுக்கக் கூடாது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், பைத்தான் நிரலையும் குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் ஜூனியர் நிரலையும் படிப்பவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது, பேச்சு மொழியைக் கையாளும் பகுதிகள் பெரிதாக ஈடுபடவில்லை. கணக்குக்கும் புதிர்களுக்கும் எழும் பொதுச் சிந்தனை வலைப்பின்னலே முனைந்து இயங்கியது. நிரல்மொழியும் மனித மொழியும் ‘மொழி’ என்ற பெயரைப் பகிர்ந்துகொண்டாலும் மூளை அவற்றை ஒன்றாக எண்ணவில்லை. பழகிய பொருள் முந்திக்கொள்ளும் இயல்பு மட்டும் இரண்டுக்கும் பொது.

அப்படி முந்திக்கொள்வதைக் கையும்களவுமாகப் பிடிக்க நான் கண்ட வழி, எந்த வரியையும் ஓட்டுவதற்கு முன் அது என்ன தரும் என்று தாளில் எழுதிவைப்பது. எழுதியதும் வந்ததும் ஒத்துப்போனால் அந்த வரிக்குப் பழைய அறிவே போதும். ஒத்துப்போகாத வரிகளைத் தனியே குறித்துக்கொண்டால், சில வாரங்களில் தன் பழைய மொழிக்கும் புதிய மொழிக்கும் இடையே உள்ள ‘அவசரம்’ போன்ற இடங்களின் பட்டியல் ஒவ்வொருவர் கையிலும் சேர்ந்துவிடும். ஜாவாவிலிருந்து வருபவரின் பட்டியலும் ரூபி என்ற மொழியிலிருந்து வருபவரின் பட்டியலும் ஒன்றாக இரா. -8 % 7 என்பதற்கு சி, கோ, ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகள் ஜாவாவைப் போலவே -1 தருகின்றன, ரூபி பைத்தானோடு சேர்ந்து 6 தருகிறது. ஆகவே பைத்தானுக்கு வரும் ரூபிக்காரரின் தாளில் பொய்கைச் சந்தைக் கணக்கு இடம்பெறவே வேண்டியதில்லை.