பிரோனில் படுத்ததும் கை மரத்துப்போகிறதா?

போன மாதம் ரைஃபிள் ரேஞ்சில் ஒரு கல்லூரி மாணவி பிரோனில், அதாவது குப்புறப் படுத்து, 25 ரவுண்டு சுட்டு முடித்து எழுந்தார். ஸ்லிங்கை, அதாவது மேல்கையையும் துப்பாக்கியையும் இணைக்கும் பட்டையைக் கழற்றியவர் இடது கையை உதறிக்கொண்டே இருந்தார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. "எப்ப இருந்தும்மா இப்படி?" என்று கேட்டேன். "ஆரம்பத்துல இருந்தே சார். பிரோன்னா வலிக்கத்தான் செய்யும்னு சொன்னாங்க" என்றார்.

இப்படிச் சொல்லிக்கொடுப்பது தவறு. புதிதாகப் படுப்பவருக்கு முதல் சில வாரம் முழங்கைத் தோல் உறுத்தும், அது பழகிவிடும். விரல் மரத்துப்போவதும் சுண்டுவிரல் பக்கம் ஊசி குத்துவதும் அப்படி இல்லை. எங்கேயோ நரம்போ ரத்த ஓட்டமோ அமுங்குகிறது என்று அர்த்தம். அப்படி ஆனால் ரவுண்டை வெளியே எடுங்கள், போல்ட்டை (குண்டு அறையை மூடும் பாகம்) திறந்து வைத்து சேஃப்டி ஃபிளாக் (அறை காலி என்று காட்டும் அடையாளம்) போடுங்கள், ஸ்லிங்கைத் தளர்த்துங்கள். அன்றைய ஸ்கோர் போனால் போகட்டும்.

வலி உடம்போடு நிற்பதில்லை, குறியையும் கெடுக்கிறது. 50 மீட்டர் ரைஃபிளில் பத்து புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். குறி பார்க்கும் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நடுவே 80 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் குண்டு 6 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போகும். ஒரு போட்டியின் 60 ரவுண்டு முழுக்கத் தசையால் இதைப் பிடித்து நிறுத்த முடியாது. தசை களைக்கும், களைத்தால் நடுங்கும். எலும்பும் ஸ்லிங்கும்தான் எடையைத் தாங்க வேண்டும். லண்டன் 2012 ஒலிம்பிக்கின் 50 மீட்டர் பிரோன் போட்டியில் பெலாரஸின் செர்கேய் மார்த்தினோவ் தகுதிச் சுற்றில் 600க்கு 600 எடுத்துத் தங்கமும் வென்றபோது அவருக்கு வயது 44. அதே போட்டியில் நம் ஜாய்தீப் கர்மாக்கர் 1.9 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அவ்வளவு நெருக்கமான ஆட்டம் இது.

சரி, அந்த மாணவிக்கு என்ன செய்தோம்? (வலது கைக்காரர் கணக்கில் சொல்கிறேன்.) முதலில் ஸ்லிங். அது மேல்கையின் உள்பக்கம் அழுத்திக்கொண்டிருந்தது. பெரிய ரத்தக்குழாய் போவது அங்கேதான். அங்கே அழுத்தினால் கை மரக்கும், நாடித்துடிப்பும் ஸ்லிங் வழியாகத் துப்பாக்கிக்கு ஏறும். ஒவ்வொரு துடிப்புக்கும் முன் சைட் துள்ளும். பட்டையைக் கையின் வெளிப்பக்கத்துக்குத் திருப்பி ஒரு துளை தளர்த்தினோம். ஹேண்ட் ஸ்டாப்பையும் (இடது கை முன்னால் நழுவாமல் தடுக்கும் பாகம்) சற்றே பின்னால் இழுத்தோம். இதில் கவனம் தேவை: ஸ்டாப் முன்னால் போகப் போக முன்கை தாழும், தரையோடு 30 டிகிரிக்குக் கீழே போனால் விதிமீறல். பின்னால் இழுத்தால் உயரும், அளவு மீறினால் ஆட்டம் கண்டுவிடும்.

அப்புறம் வலது முழங்கால். இரண்டு காலையும் நேராக நீட்டி வயிற்றை மேட் விரிப்போடு ஒட்டிப் படுத்திருந்தார். வலது முழங்காலை மடக்கி மேலே இழுக்கச் சொன்னேன். உடம்பு லேசாக இடது பக்கம் சாய்ந்து வயிறு தரையை விட்டு எழும்பியது. மூச்சு சுலபமானது. இடுப்பு வலி என்று வருகிறவர்கள் பலருக்கும் இது ஒன்றே பாதி நிவாரணம் தருகிறது.

கழுத்தைத்தான் ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. சைட்டைத் தேடித் தலையை முன்னால் நீட்டுகிறார்கள், புருவத்துக்கு அடியில் இருந்து எட்டிப் பார்க்கிறார்கள். அரை மணியில் பிடரி இறுகும், பார்வை மங்கும். முகம் துப்பாக்கியைத் தேடிப் போகக் கூடாது, துப்பாக்கிதான் முகத்துக்கு வர வேண்டும். சீக் பீஸை (கன்னம் சாயும் பாகம்) உயர்த்துங்கள், பட்டின் (தோளில் பதியும் பின்பகுதி) நீளத்தை மாற்றுங்கள். கன்னம் தன் எடையிலேயே சாய்ந்து கிடக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை. குறி வையுங்கள், கண்ணை மூடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், திறந்து பாருங்கள். முன் சைட் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் கையால் தள்ளிக் கொண்டுவராதீர்கள். இடது முழங்கையை அச்சாக வைத்து இடுப்பை நகர்த்துங்கள். மேலே கீழே விலகியிருந்தால் உடம்பை முன்னோ பின்னோ அரை அங்குலம் நகர்த்திப் பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

அந்த மாணவி அன்று இந்தச் சோதனையை ஏழு முறை செய்தார். ஏழாவது முறை கண்ணைத் திறந்தபோது முன் சைட் வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம் நடுவில் நின்றது. சுடாமல் அப்படியே எழச் சொன்னேன். ஸ்லிங் துளை எத்தனையாவது, ஹேண்ட் ஸ்டாப் எந்த எண்ணில், பட் எத்தனை மில்லிமீட்டர், எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். ஜாக்கெட் மாற்றினால் இந்த எண்களும் மாறும், அன்று மறுபடி முதலில் இருந்து அளக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் விரல்களைப் பார்த்தேன். வெளுப்பு போய் ரத்தம் திரும்பியிருந்தது.