ட்ரிவியா: முச்சந்தியில் பிறந்த சொல்

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழாவது படிக்கும் அவள் மகன் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் கேட்டான். "மாமா, வால்ட் டிஸ்னி செத்ததும் அவர் உடம்பை ஐஸ்ல உறைய வெச்சிட்டாங்களாம், தெரியுமா?" வினாடி வினாவுக்குப் படிக்க யாரோ கொடுத்த தாளில் இருந்ததாம். வாங்கிப் பார்த்தேன். மேலே 'டிஸ்னி ட்ரிவியா' என்று தலைப்பு, கீழே இருபது வரி. உறைந்த உடம்பு நாலாவது வரியில் இருந்தது. அடுத்த வரி, அவர் கட்டிய டிஸ்னிலாந்து பூங்காவின் செயற்கை மேட்டர்ஹார்ன் மலைக்குள் கூடைப்பந்து வளையம் இருக்கிறது என்றது. நாலாவது பொய், ஐந்தாவது உண்மை. இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே தலைப்பின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

அந்தத் தலைப்புச் சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு என்ன சொல்லலாம் என்று பார்ப்போம்.

ட்ரிவியா இலத்தீன் சொல். 'ட்ரி' என்றால் மூன்று, 'வியா' என்றால் வழி. மூன்று வழி கூடும் இடம் ட்ரிவியம், அதன் பன்மை ட்ரிவியா. தமிழில் முச்சந்தி என்றால் உறுப்புக்கு உறுப்பு பொருந்திவிடும். முச்சந்தியில் கேட்பது, எவர் வாயிலும் புழங்குவது, அதனால் சாதாரணமானது என்ற பொருளில் ரோமானியர் 'ட்ரிவியாலிஸ்' என்று ஒரு பெயரடை வைத்திருந்தார்கள். ஐரோப்பாவின் இடைக்காலப் பள்ளிகளிலும் ட்ரிவியம் உண்டு. இலக்கணம், அளவை (தர்க்கம்), பேச்சுக்கலை ஆகிய முதல் மூன்று பாடங்களுக்கு அது பெயர். கணக்கு, வடிவியல், இசை, வானியல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆக, தெருப்பேச்சும் ஆரம்பப் பாடமும் ஒரே பெயருக்குள் இருந்தன.

'பொழுதுபோக்குக்கான குட்டித் தகவல்' என்ற இன்றைய பொருளுக்கு வயது குறைவு. 1960களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட் குட்கோல்ட், டேன் கார்லின்ஸ்கி என்ற இரண்டு மாணவர்கள் பழைய சினிமா, வானொலி, காமிக்ஸ் பற்றிக் கேள்வி கேட்கும் விளையாட்டுக்கு இந்தப் பெயரை வைத்துப் பரப்பினார்கள். 1979ல் கனடாவின் மான்ட்ரியலில் கிறிஸ் ஹேனியும் ஸ்காட் அபாட்டும் 'ட்ரிவியல் பர்சூட்' என்ற பலகை விளையாட்டை உருவாக்கினார்கள். சொல் உலகம் சுற்றியது அதற்குப் பிறகுதான்.

அந்த விளையாட்டைச் சுற்றி ஒரு வழக்கே நடந்தது. ஃப்ரெட் வொர்த் என்பவர் ட்ரிவியாவுக்கென்றே கலைக்களஞ்சியம் தொகுத்தவர். தன் உழைப்பை யாராவது அப்படியே எடுத்தால் பிடிப்பதற்காக, தொலைக்காட்சித் தொடரில் துப்பறியும் கொலம்போவின் முதல் பெயர் 'ஃபிலிப்' என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை உள்ளே வைத்தார். ட்ரிவியல் பர்சூட் அட்டையில் அதே ஃபிலிப் வந்தது. 1984ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தகவல் யாருக்கும் சொந்தமில்லை என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் ஃபிலிப்பை அதற்குள் எத்தனையோ பேர் உண்மை என்றே படித்துவிட்டார்கள். ட்ரிவியா என்ற சொல்லின் குறை இங்கேதான் தெரிகிறது. தகவல் சின்னது என்று அது சொல்லும், மெய்யா பொய்யா என்று சொல்லாது.

அனிமேஷன் படங்களையும் கேளிக்கைப் பூங்காக்களையும் சுற்றி இந்தக் குறை பெரிதாகத் தெரியக் காரணம் உண்டு. அந்த இடங்களே ஒரு மாயத்தை நம்ப வைக்கக் கட்டியவை. மறைவில் என்ன இருக்கிறது என்ற ஆசை எல்லோருக்கும் வரும். டிஸ்னி 1966 டிசம்பர் 15ல் இறந்தார். இரண்டு நாளில் தகனம் முடிந்தது. சாம்பல் கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரில், ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அடுத்த மாதமே, 1967 ஜனவரி 12ல், ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற பேராசிரியரின் உடலை, பிற்காலத்தில் உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் உறைய வைத்தார்கள். உலகில் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. ஒரு மாத இடைவெளியில் வந்த இரண்டு செய்திகள். எதிர்காலத்தையே கனவு கண்ட மனிதர் என்று டிஸ்னிக்குப் பெயரும் இருந்தது. கதை ஒட்டிக்கொள்ள வேறென்ன வேண்டும்?

ஆனால் அங்கே உண்மையாக இருப்பதே நம்ப முடியாதபடிதான் இருக்கிறது. ஃபுளோரிடாவில் 1971 அக்டோபர் 1ல் திறந்த டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு அடியில் சுரங்கப்பாதைகள் ஓடுகின்றன என்பார்கள். ஓடுகின்றன, ஆனால் பூமிக்குள் இல்லை. அது சதுப்பு நிலம், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் பாதைகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைக் கொண்டுவந்து சுற்றிலும் மேலும் கொட்டி, அதன்மேல் பூங்காவை எழுப்பினார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே நடப்பவர்கள் தரையில் நடப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டாவது தளத்தில் நடக்கிறார்கள். கீழே வேடமிட்ட ஊழியர்கள் தங்கள் பகுதிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். குப்பையைக் காற்றழுத்தக் குழாய் உறிஞ்சிக்கொண்டு போகும். இதை மருமகனிடம் சொன்னபோது அவன் நம்பவே இல்லை. உறைந்த உடம்பை மட்டும் உடனே நம்பியிருந்தான்!

அதே பூங்காவின் சிண்ட்ரெல்லா கோட்டை 189 அடி உயரம். புயல் வந்தால் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி வைத்துவிடுவார்கள் என்ற கதை பொய். எஃகும் கான்கிரீட்டும் அதன் எலும்பு, கழற்ற வராது.

மேட்டர்ஹார்ன் வளையம் இன்னும் சிக்கல். மலைக்குள் மேல்பகுதியில் ஊழியர்கள் ஆட ஒரு சின்னக் கூடைப்பந்து இடம் இருப்பது உண்மை. அவ்வளவு உயரமான கட்டடம் விளையாட்டு அரங்குக்கு மட்டும்தான் அனுமதி, அதற்காகவே வளையம் மாட்டினார்கள் என்பது பொய். உண்மையின் முதுகில் பொய் ஏறிக்கொண்டு வருவதுதான் எனக்குப் பெரிய கவலை. பாதியைச் சரிபார்த்தவர் மீதியையும் நம்பிவிடுகிறார்.

இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு: ஃபேக்டாய்டு. நடிகை மர்லின் மன்றோ பற்றி 1973ல் எழுதிய நூலில் அமெரிக்க எழுத்தாளர் நார்மன் மெய்லர் உருவாக்கியது. பத்திரிகையில் அச்சாகும் வரை இல்லாமலே இருந்து, அச்சானதால் உண்மை ஆகிவிட்ட செய்தி என்ற பொருளில் சொன்னார். 'ஆய்டு' என்பது வடிவம் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ஒட்டு, 'போன்றது' என்று பொருள். பரிதாபம், ஆங்கிலத்தில் அந்தச் சொல்லும் நாளடைவில் 'சுவையான குட்டி உண்மை' என்று தலைகீழாகப் புழங்க ஆரம்பித்துவிட்டது.

இதற்கு டிஸ்னி நிறுவனத்திலேயே உதாரணம் இருக்கிறது. லெம்மிங் என்ற குளிர்நாட்டு எலிவகை கூட்டமாகக் குன்றிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பழைய நம்பிக்கையைப் பலர் மனத்தில் பதித்தது 1958ல் வந்த 'ஒயிட் வில்டர்னஸ்' ஆவணப்படம், ஆஸ்கர் வாங்கியது. காட்சி இயற்கையானதல்ல. லெம்மிங் வாழாத இடத்துக்கு அவற்றைக் கொண்டுவந்து, தள்ளிவிட்டுப் படம் பிடித்திருந்தார்கள். 1980களில் கனடா ஒளிபரப்புக் கழகத்தின் நிகழ்ச்சி இதை வெளியே கொண்டுவந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். ட்ரிவியல் என்றால் அற்பம் என்று எடுத்து, ட்ரிவியாவை 'அற்பச் செய்தி' என்பது எனக்கு ஒப்பவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையை அது மட்டம் தட்டுகிறது. கணக்குப் பாடநூல்கள் 'ட்ரிவியல் சொல்யூஷன்' என்பதை 'வெளிப்படைத் தீர்வு' என்று அழகாகச் சொல்கின்றன, ஆனால் அது கணக்குக்கு மட்டும் பொருந்தும். முச்சந்திச் செய்தி என்றால்? பொருத்தம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழி கொடும்பாளூர்ப் பக்கம் மூன்றாகப் பிரிகிறது, சிவனின் சூலம்போல. வழி சொல்ல வந்த மாங்காட்டு மறையோன், இடப்பக்க வழியில் மூழ்கினால் நினைத்ததைத் தரும் பொய்கையும் முற்பிறப்பை உணர்த்தும் பொய்கையும் உண்டு என்று கதை கதையாகச் சொல்கிறான். கோவலன் கண்ணகியோடு போகும் சமணத் துறவி கவுந்தியடிகள் அதில் மயங்காமல், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார். கூட்டுச்சாலையில் கேட்டதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஆனாலும் முச்சந்தி என்றால் இன்று காதில் சந்தி சிரிப்பதுதான் விழுகிறது. சொல்லாக நிற்காது.

நிற்கக்கூடியது துணுக்கு. வார இதழ்களில் கதை முடிந்து பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் மிஞ்சினால் அங்கே ஒரு துணுக்கு வரும். அஞ்சலட்டையில் துணுக்கு அனுப்பிச் சன்மானம் வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். சிறு துண்டு என்பதே பொருள். அதே ஒலியில் 'துணுக்குறுதல்', திடுக்கிடுதல், என்ற சொல்லும் தமிழில் இருப்பது நல்ல பொருத்தம். நல்ல துணுக்கு ஒரு கணம் திடுக்கிட வைக்கும், அந்த இரண்டாவது தளம்போல.

உண்மையானதற்கு மட்டுமே துணுக்கு என்ற பெயரை ஒதுக்குவோம் என்பது என் வேண்டுகோள். தெரிந்தே கட்டிவிட்டதற்குப் புனைசுருட்டு என்ற அருமையான சொல் இருக்கிறது. பொன்போல் மின்னும் அந்த மூன்றாவது வகை, அச்சானதால் உண்மையான ஃபேக்டாய்டு, 'உண்மைப்போலி' ஆகலாம். மெய்ப்போலி என்று முதலில் யோசித்தேன். இலக்கணம் படித்தவர்களுக்கு மெய்யெழுத்து மாறுவதாகத் தோன்றும். அதனால் விட்டுவிட்டேன். ஆனால் போலி என்பது பொருத்தம். இலக்கணத்தில் பந்தல் பந்தர் ஆவதும் அறம் அறன் ஆவதும் போலிதானே. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்கும், யாருக்கும் வேறுபாடு தெரியாது. ஃபேக்டாய்டும் அப்படித்தான் நிற்கிறது.

அன்று சாயங்காலம் மருமகனும் நானும் பென்சிலோடு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தலைப்பில் ட்ரிவியாவை அடித்துவிட்டுத் துணுக்கு என்று எழுதினேன். நாலாவது வரிக்கு எதிரே அவனே 'புனைசுறுட்டு' என்று எழுதினான். ரகரம் போடச் சொன்னேன், அழித்துவிட்டு மறுபடி எழுதினான்.