வலப்பக்கம் கொடைக்கானல், இடப்பக்கம் வேலூர்

போன மே மாதம், பிற்பகல் மூன்று மணி. மதுரையிலிருந்து திருச்சிக்குக் காரில் வந்துகொண்டிருந்தோம். ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு விரல் விறைக்கிறது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி முந்தானையால் விசிறிக்கொள்கிறாள். "ஏங்க, ஏசியை உங்களுக்கு மட்டும் போட்டுக்கிட்டீங்களா?" வடக்கே போகிற வண்டிக்கு இந்நேரம் வெயில் இடப்பக்கம்தானே விழும், அதனால் அப்படி இருக்கும் என்று சமாளித்தேன். விராலிமலைப் பக்கம் ஒரு டீக்கடை மர நிழலில் நிறுத்தி இரண்டு பக்கத்துக் காற்றிலும் கையை வைத்துப் பார்த்ததும் அந்தச் சமாளிப்பு போயிற்று. வீட்டுக்கு வந்து, ஏசி காற்று வரும் இரண்டு வாய்களிலும் சமையலறைத் தெர்மாமீட்டரைச் செருகினேன். வலது வாயில் 8 டிகிரி, இடது வாயில் 17.

ஒர்க்ஷாப்பில், "கேஸ் கம்மியா இருக்கும் சார்" என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காற்றை ஊதும் ப்ளோயர் ஒன்றுதான், அதைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான கூலிங் காயிலும் ஒன்றுதான். கேஸ் குறைந்தால் இரண்டு பக்கமும் அல்லவா சூடாக வேண்டும்?

அவர்கள் சொன்னதுதான் சரி. ஏன் என்று புரிய, கேஸ் எப்படிக் குளிர்விக்கிறது என்று பார்க்க வேண்டும். பேர்தான் கேஸ், குளிரைத் தருவது அது திரவமாக இருந்து ஆவியாகும் அந்தக் கட்டம். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ், திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறுகிறதல்லவா, அதே விதிதான் இங்கும். கார் டயரில் இருக்கிற அளவு அழுத்தத்தில், அதாவது 28 பிஎஸ்ஐ வாக்கில், இது சுமார் 0 டிகிரியில் கொதிக்கும். கூலிங் காயிலுக்குள் அழுத்தம் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும். கொதிக்கத் தேவையான வெப்பத்தை, காயிலைத் தொட்டுப் போகும் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

ஒரு கிராம் திரவம் ஆவியாகும்போது ஏறக்குறைய 200 ஜூல் வெப்பத்தை விழுங்கும். ஆவியாகி முடிந்த அதே ஒரு கிராம், இன்னும் 10 டிகிரி சூடேற 10 ஜூல்கூட வாங்காது. அதாவது ஆவியான பிறகு அதற்குக் குளிர்விக்கும் தெம்பு கிடையாது. கேஸின் அளவு சரியாக இருந்தால் திரவம் காயிலின் கடைசிக் குழாய் வரை கொதித்துக்கொண்டே போகும். குறைந்தால் பாதி வழியிலேயே கொதித்துத் தீர்ந்துவிடும். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் தலைமடை வயல் நனையும், கடைமடை காயும். என் காரில் தலைமடை ஓட்டுநர் பக்கம். கடைமடையில் என் மனைவி. திரவம் எந்த ஓரத்தில் நுழைகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

இங்கே ஒரு மனத்தாங்கல். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வருஷக்கணக்கில் ரப்பர் குழாய் வழியே கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். கோடைக்குக் கோடை டாப்-அப் கேட்கிற வண்டியில் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. கண்ணளவில் அதிகமாக அடைத்துவிட்டாலும் குளிர் குறையும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரும் திணறும். பழையதை உறிஞ்சி எடுத்து, குழாய்க்குள் மிஞ்சிய காற்றையும் வாக்குவம் போட்டு இழுத்து, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் கிராம் கணக்கில் எடை பார்த்து ஏற்றுவதுதான் முறை.

எல்லா வண்டியிலும் குற்றவாளி கேஸ்தான் என்றும் சொல்ல முடியாது. டெம்பரேச்சர் திருகைத் திருப்பினால் கம்ப்ரசர் குறைவாகக் குளிர்விக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான கார்களில் அது செய்யும் வேலை வேறு: உள்ளே ஒரு பிளாஸ்டிக் கதவை நகர்த்தி, குளிர்ந்த காற்றில் ஒரு பங்கை ஹீட்டர் காயில் வழியே திருப்பிவிடுகிறது. எஞ்சினின் சூட்டை வாங்கி வரும் கூலன்ட் திரவம் ஓடும் அந்தக் காயில் 80, 90 டிகிரிச் சூட்டில் இருக்கும். குளிரையும் சூட்டையும் விளாவித்தான் நமக்கு வருகிறது, வெந்நீர் விளாவுகிற மாதிரி. இரு பக்கத்துக்கும் தனித்தனி திருகு உள்ள கார்களில் கதவும் இரண்டு, அவற்றை ஆட்டும் குட்டி மோட்டாரும் இரண்டு. அந்த மோட்டாரின் பிளாஸ்டிக் பல் ஒன்று உடைந்தால் கதவு பாதியில் நின்றுவிடும். வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குள் பல்லி கத்துவதுபோல 'டிக் டிக்' கேட்டால் சந்தேகம் அங்கேதான்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கோளாறான பக்கத்துத் திருகை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். காற்றில் மாற்றமே இல்லையென்றால் கதவு. சூடு ஒழுங்காக வந்து, குளிர் மட்டும் வராவிட்டால் கேஸ். காற்றே குறைவாக வந்தால் ஃபில்டரையோ காயிலில் அப்பிய தூசியையோ பாருங்கள்.

ஊட்டிக்காரர்களின் புகார் தலைகீழ்: ஹீட்டர் போட்டால் ஒரு பக்கம்தான் சூடு. கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றிய பாவம், உப்பும் சேறுமாக ஹீட்டர் காயிலின் மெல்லிய குழாய்களை அடைத்திருக்கும். எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பல நேரம் திறந்துகொள்ளும்.

ஆட்டோமேட்டிக் ஏசி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் கறுப்பாக ஒரு குமிழ் இருக்கும். வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று பார்க்கும் கண் அது. அதன்மேல் பிள்ளையாரை உட்காரவைத்தால், வெளியே மழை மேகம் என்று நினைத்துக்கொண்டு ஏசி நிதானமாக வேலை செய்யும். பிள்ளையாரைக் கொஞ்சம் நகர்த்தினால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் காரில் கசிந்தது ஒரு குழாய் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம். மாற்றி, கேஸை எடைபோட்டு ஏற்றியதும் இரண்டு வாயிலும் 8 டிகிரி. அடுத்த முறை அதே சாலை, அதே மூன்று மணி. "இப்பவும் இந்தப் பக்கம் சூடாத்தாங்க இருக்கு." இந்தத் தடவை அது வெயில்தான், கண்ணாடி வழியே நேராக மேலே விழும் வெயிலுக்கு 8 டிகிரிக் காற்று முழுப் பதில் ஆகாது. ஆனால் அதை நான் எந்த வாயால் சொல்ல? பேசாமல் என் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன்.